லிஃப்ட் பம்ப் கத்துகிறதா? கழற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

பழைய டிராக்டரில் கலப்பையைத் தூக்கும்போது "கீ..." என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தால், பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது "பம்ப் போயிடுச்சு" என்பதுதான். லிஃப்டுக்கு, அதாவது பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் அமைப்புக்கு, ஆயிலைத் தள்ளுவது இந்தப் பம்ப்தான். உடனே புதுப் பம்ப் வாங்கிப் போடுகிறார்கள், கொஞ்ச நாள் அமைதியாக ஓடுகிறது, அப்புறம் அதே சத்தம் திரும்ப வருகிறது. இரண்டாவது தடவை வருவதற்குள் அந்தப் புதுப் பம்பும் உள்ளே பாதி தேய்ந்திருக்கும். ஏனென்றால் பம்ப் கத்துவது பெரும்பாலான நேரம் அதற்கு ஆயில் ஒழுங்காக வந்து சேராததால்தான். பம்ப் கெட்டது அதன் விளைவு. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மாற்றினால் பணம் போய்க்கொண்டே இருக்கும். பழைய வண்டியை வைத்துக்கொண்டு சொந்த நிலத்தை உழுகிறவர்களுக்கு இது சின்னச் செலவு இல்லை, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பம்புக்கு இரண்டு பக்கம் உண்டு, உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிய அழுத்தம்கூட வரும். ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் ஆயிலைப் பம்புக்குள் தள்ளிவிட இருப்பது வெறும் காற்றழுத்தம், அதாவது ஏறக்குறைய 1 கிலோ. அந்த ஒரு கிலோவுக்குள்தான் ஆயில் சல்லடையைத் தாண்டி, பைப்பில் ஏறி, பம்புக்குள் போயாக வேண்டும். வழியில் சின்னத் தடை இருந்தாலும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பம்ப் பட்டினி கிடக்கும், கத்தும்.

கிட்டே போவதற்கு முன் சில விஷயங்கள். மேலே தூக்கி நிற்கும் ரொட்டவேட்டர், கலப்பைக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. லிஃப்டை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிஃப்ட் லிவரை இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட்டுக் கழற்றுங்கள். பிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே ஆயிலைச் செலுத்திவிடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், "ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், எஞ்சின் ஓடும்போது காது வைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் தோளில் இருக்கும் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட்டும், கருவிகளைச் சுற்றவைக்கப் பின்னால் இருக்கும் பிடிஓ ஷாஃப்டும் துணியைப் பிடித்தால் விடாது.

உங்கள் வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது?

நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகளை இதில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, எஞ்சினின் பக்கத்திலேயே வெளியில் தெரிகிற மாதிரி பொருத்தியிருக்கும் கியர் பம்ப். பின்னால் இருந்து ஒரு தடிமனான உறிஞ்சு பைப் வரும், ஒரு மெல்லிய பிரஷர் பைப் திரும்பிப் போகும். இன்னொன்று மாஸ்ஸி ஃபெர்குசன் 35, 135 வழி வந்த வண்டிகள். இதில் பம்ப் வெளியே தெரியவே தெரியாது, சீட்டுக்கு அடியில் உள்ள கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும், நான்கு பிஸ்டன் வைத்தது. இது டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசன் காலத்து ஏற்பாடு, 1946-இல் வந்த டிஇ-20 வண்டியிலேயே இப்படித்தான் இருந்தது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸ்ஸி வண்டிகளை இங்கேயே செய்ததால், அந்தக் குடும்பத்துப் பம்ப் நம் கிராமங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டுக்கும் சத்தத்தின் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், கண்டுபிடிக்கிற வழி மட்டும் கொஞ்சம் மாறும்.

மாஸ்ஸி வகையில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அதில் கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. லிவரை மேலே தள்ளினால்தான் பம்புக்குள் ஆயிலே நுழையும், தூக்கி முடித்ததும் வாசல் மூடிக்கொள்ளும், பம்ப் சும்மா சுற்றும். அதனால் மாஸ்ஸியில் தூக்கும்போது மட்டும் ஒரு லேசான உறுமல் கேட்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளியே இருக்கும் கியர் பம்போ எஞ்சின் ஓடுகிற வரைக்கும் ஆயிலைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். அதில் உறிஞ்சுவதில் கோளாறு என்றால் தூக்காமல் நிற்கும்போதும் சத்தம் கேட்கும், ஆக்சிலேட்டர் ஏற ஏறச் சத்தமும் ஏறும்.

சத்தம் உண்மையிலேயே பம்பிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் போதும். பக்கத்தில் உள்ள டைமிங் மூடி, கியர் பாக்ஸ், பிடிஓ பேரிங் இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கேதான் கோளாறு. மாஸ்ஸியில் கிளட்சை முழுக்க அமுக்கினால் பம்ப் நின்றுவிடும். அப்போது சத்தமும் நின்றால் அது பம்ப் அல்லது பிடிஓ வரிசையில் இருக்கிறது. நிற்காமல் போனாலோ, அமுக்கிய பிறகு புதிதாக ஒரு சத்தம் வந்தாலோ கிளட்ச் பேரிங்கைப் பாருங்கள், லிஃப்டைத் தொடவே வேண்டியதில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் பாதி விடை

என்ன சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்தி, ஆயில் சூடானதும் அடங்கினால் ஆயில் தடிமனாக இருக்கிறது, அல்லது சல்லடை பாதி அடைத்திருக்கிறது. காலையில் நன்றாக இருந்து வெயில் ஏற ஏற, வேலை ஏற ஏறச் சத்தம் வந்தால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது, அல்லது ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்கிறது, அல்லது பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. லிவரை முழுக்க மேலே வைத்திருக்கும்போது மட்டும் கத்தி, ஒரு விரற்கடை இறக்கினதும் நின்றால் அது ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு. தூக்கி நிறுத்திய பிறகு கருவியைத் தாங்கும் லிஃப்ட் கை தலையாட்டிக்கொண்டே விட்டு விட்டு உறுமினால் உள்ளே கசிவு. தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒரே தாளத்தில் "டக் டக்" என்று கேட்டால்தான் பேரிங், கப்ளிங், பிஸ்டன் என்று இரும்புச் சமாச்சாரம்.

இதில் பட்டினிச் சத்தத்துக்கும் காற்றுச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லது. ஆயில் போதாமல் வெற்றிடம் விழும்போது வரும் சத்தம் ஒரே சீராக, கூர்மையாக, விசில் மாதிரி நீளும். அந்த வெற்றிடத்தில் ஆயிலுக்குள் குமிழ்கள் பிறக்கின்றன, தள்ளும் பக்கம் போனதும் நசுங்கி வெடிக்கின்றன, அந்த வெடிப்புதான் உலோகத்தைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். காற்று புகுந்தால் வரும் சத்தம் வேறு. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கரகரவென்று, ஏறி இறங்கிக் கேட்கும், கூடவே லிஃப்ட் உதறி உதறித் தூக்கும், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயிலில் நுரை இருக்கும்.

ஆயிலில் ஆரம்பியுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து அளவு பாருங்கள். அளவு குறைவு என்பது இவ்வளவு சாதாரணமான காரணமா என்று தோன்றும், ஆனால் இதுதான் அடிக்கடி நடப்பது. டிப்பர் டிரெய்லர் மாட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிரெய்லரின் ஜாக்கி நீளும்போது வண்டியின் ஆயில்தான் போய் அதற்குள் நிறைகிறது. டிரெய்லர் இறங்கியிருக்கும்போது அளவு சரியாக இருந்து, மேலே தூக்கினதும் கத்த ஆரம்பித்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். வரப்பு ஏறி இறங்கும்போதும், முன்பக்கம் தாழ்ந்து நிற்கும்போதும் மட்டும் கத்துவதும் இதே கதைதான், ஆயில் சரிந்து உறிஞ்சும் வாயை விட்டு விலகிவிடுகிறது.

ஆயில் குறைந்திருந்தால் எங்கே போனது என்றும் பாருங்கள். எஞ்சினோடு ஒட்டிய கியர் பம்பில் ஷாஃப்ட் ஆயில் சீல் போனால் லிஃப்ட் ஆயில் வெளியே சொட்டாது, டைமிங் மூடி வழியாக எஞ்சினுக்குள் போகும். லிஃப்ட் ஆயில் குறைந்துகொண்டே வர, எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் சீலை உடனே மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் லிஃப்ட் மட்டுமில்லை, எஞ்சின் பேரிங்கும் சேர்ந்து போகும்.

அடுத்து ஆயிலின் நிறம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து நிழலில் வையுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்த ஆயில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அதில் இருந்தது காற்று. மறுநாள் காலை வரைக்கும் வெளுப்பாகவே இருந்தாலோ, அடியில் தண்ணீர் தனியாக இறங்கியிருந்தாலோ அது தண்ணீர். சந்தேகமாக இருந்தால் ஒரு இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரே ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், தெறிக்கும். கேஜ் வீல் (கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு ஓட்டுகிற வண்டிகளில் தண்ணீர் ஏறுவது சர்வ சாதாரணம். பிடிஓ ஷாஃப்ட் சீல், கியர் லிவர் ரப்பர், டிப்ஸ்டிக் மூடி, பிரீதர் (காற்று போய்வரும் துளை) என்று எங்கே வாய் திறந்திருக்கிறதோ அங்கே சேற்றுத் தண்ணீர் போகும். நடவு முடிந்ததும் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோமே, அப்போதும் போகும். தண்ணீர் கலந்த ஆயிலைச் சூடாக்கி, தெளியவைத்துத் திரும்ப ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மாஸ்ஸி வண்டிகளில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில், 30 லிட்டருக்குப் பக்கத்தில் பிடிக்கும், அதனால் மனசு வராதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் பம்ப் வால்வையும் பேரிங்கையும் துருப்பிடிக்க வைத்தால் ஆகும் செலவு ஆயில் விலையோடு நிற்காது.

தடிமன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கியர் பாக்ஸ் தேய்ந்து இரைச்சல் வருகிறது என்று 140 கியர் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். கியர் சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் ஒரே ஆயில் ஓடும் வண்டியில் அந்தக் கெட்டி ஆயிலைப் பம்பால் இழுக்க முடியாது, மார்கழிக் காலையில் அலறும். வண்டிப் புத்தகத்தில் எந்த கிரேடு சொல்லியிருக்கிறதோ அதுவே போதும். பிரேக்குகளும் அதே ஆயிலுக்குள் மூழ்கி ஓடும் வண்டி என்றால் அதற்கென்று இருக்கும் டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், வேறு எதையாவது ஊற்றினால் பிரேக்கும் கீச்சிடும். எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஆயிலை லிஃப்டுக்கு ஊற்றுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அந்தக் கரி முழுக்கச் சல்லடையில்தான் போய் உட்காரும்.

சல்லடையும் உறிஞ்சு பைப்பும்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஆயிலை வடித்து ஸ்ட்ரெய்னரை, அதாவது சல்லடையை எடுங்கள். கழுவுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியிலோ பழைய தட்டிலோ தட்டி, என்ன விழுகிறது என்று பாருங்கள். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று அது அப்படியே சொல்லிவிடும். வெள்ளி மாதிரி மினுக்கும் மெல்லிய தூள் அலுமினியம், கியர் பம்பின் உடம்பு தேய்கிறது என்று அர்த்தம். மஞ்சளாக மினுக்கினால் வெண்கல புஷ். காந்தத்தில் ஒட்டுகிற துணுக்குகள் கியர் பாக்ஸில் இருந்து வருபவை, பெரிய துண்டாக இருந்தால் லிஃப்டை விட்டுவிட்டு முதலில் கியர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். கறுப்பு ரப்பர் துண்டுகள் ஓரிங்கில் (இணைப்பில் போடும் ரப்பர் வளையம்) இருந்தோ ஹோஸின் உள்பக்கத்தில் இருந்தோ உரிந்தவை. களிமண் மாதிரி வழவழப்பாக இருப்பது சேறும் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்த கலவை.

இன்னொன்றும் விழும், அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கின சிலிக்கான் பேஸ்ட், உள்பக்கம் நூல் நூலாகத் தொங்கிப் பிய்ந்து வந்து சல்லடை வாயை மூடியிருக்கும். லிஃப்ட் கவரைத் திறந்து மூடின வேலைக்குப் பிறகு புதிதாகச் சத்தம் ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் இதுதான். பேஸ்ட் போடத்தான் வேண்டும் என்றால் மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான்.

சல்லடையை டீசலில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளிருந்து வெளியே காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பனியன் வேஸ்டால் துடைக்காதீர்கள், அதன் நூல் ஒட்டிக்கொண்டு மறுபடி அடைக்கும். வலை கிழிந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டாமல் மாற்றிவிடுங்கள். சல்லடை இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சத்தம் நின்றுவிடும், கொஞ்ச நாளில் பம்பும் நின்றுவிடும். காகிதம் மாதிரியான ஃபில்டர் உள்ள வண்டியில் அதைக் கழுவிப் போடக் கூடாது, புதுசுதான்.

அப்படியே பிரீதரையும் பாருங்கள். சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால் ஆயில் கூட்டுக்குள் காற்று வர வழி இருக்காது. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், சத்தம் குறைந்தால் பிரீதர்தான். செலவே இல்லாத வேலை.

வெளியே பம்ப் உள்ள வண்டிகளில் உறிஞ்சு பைப்பின் இணைப்புகள்தான் அடுத்தது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரஷர் பைப் கசிந்தால் ஆயில் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு பைப்பில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பார்வைக்குச் சுத்தமாக, காய்ந்து இருக்கும். அதனால் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஒரு ஆயில் கேனில் கெட்டியான ஆயிலை எடுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் ஒரு நொடியாவது மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கிரீஸைத் தடவியும் பார்க்கலாம், உள்ளே இழுத்துக்கொண்டு சின்னக் குழி விழும். பம்பின் வாயில் இருக்கும் ஓரிங்கை எப்படியும் மாற்றிவிடுங்கள், சூட்டில் காய்ந்து தட்டையாகியிருக்கும், அதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக்கு ஆகும் செலவுதான். ஓரிங் வாங்கும்போது ஆயில் தாங்கும் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பைப்பின் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் முனைத் தகடு) வளைந்திருந்தால் எத்தனை ஓரிங் போட்டாலும் நிற்காது, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மட்டம் பாருங்கள். பைப்பைத் தாங்கும் கிளாம்ப் உடைந்துபோன வண்டிகளில் அதிர்வில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது, ஆயில் ஊற்றும் சோதனையில்தான் மாட்டும்.

ரப்பர் ஹோஸ் இருந்தால் அதை வெளியே பார்த்து நம்பாதீர்கள். உள் அடுக்கு தனியாக உரிந்து மடல் மாதிரி தொங்கும், உறிஞ்சும்போது அந்த மடலே வழியை மூடிக்கொள்ளும், எஞ்சினை நிறுத்தினதும் திரும்பி நேராகிவிடும். கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அவசரத்துக்கு ரேடியேட்டர் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ போட்டு ஓட்டுகிறார்கள், அது ஆயிலில் ஊறிப் பருத்து, சூட்டில் சப்பிக்கொள்ளும். உள்ளே கம்பிச் சுருள் உள்ள, ஆயிலுக்கான உறிஞ்சு ஹோஸ்தான் வேண்டும். வேலை செய்யும்போது ஹோஸைக் கையால் லேசாகப் பிடித்துப் பாருங்கள், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அது சப்பினால் விடை கிடைத்துவிட்டது.

மேலே போய் நின்றதும் அலறினால்

லிவரை உச்சிக்குத் தள்ளியதும் கை முழுக்க மேலே போய் நின்று, பம்ப் ஆயிலைத் தள்ள இடமில்லாமல் ரிலீஃப் வால்வு வழியாகப் பீய்ச்சும் சத்தம் இது. கை உச்சிக்குப் போனதும் உள்ளிருக்கும் லிங்க் தானாகவே வால்வை நடு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பின், புஷ், ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்துபோன வண்டியில் அது நடக்காது. தற்காலிகமாக, லிவர் போகும் பாதையில் சத்தம் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டாப்பரை வைத்துவிடலாம், பல வண்டிகளில் அதற்கென்றே நகர்த்துகிற திருகு இருக்கும். நிரந்தரமாக என்றால் லிங்க் அட்ஜஸ்ட்மெண்ட். அதை அளவு தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். இப்படி அலறவிட்டே நாள் முழுக்க ஓட்டினால் ஆயில் கொதித்து, சீல்கள் எல்லாம் கெட்டியாகிவிடும்.

பாரம் அதிகமானாலும் இதே அலறல் வரும், ஆனால் கை பாதி வழியிலேயே நிற்கும். பழைய 35 எச்பி வண்டிகள் பல, கருவி மாட்டும் லிங்க் முனையில் 1,000 கிலோவை ஒட்டித்தான் தூக்கும். ரொட்டவேட்டர் எடை அதைவிட எவ்வளவோ குறைவுதானே என்று தோன்றும், ஆனால் அதன் எடை லிங்க் முனையில் இல்லாமல் பின்னால் தள்ளி இருக்கிறது, மேலே ஒட்டின ஈரக் களிமண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியைக் கழற்றிவிட்டு லிஃப்ட் கையை மட்டும் தூக்கிப் பாருங்கள். சத்தமே இல்லாமல் சுறுசுறுப்பாகத் தூக்கினால் பாரத்தையோ ரிலீஃப் வால்வையோதான் சந்தேகப்பட வேண்டும். ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டுகிற வேலை செய்யவே கூடாது. பிரஷர் கேஜ் (அழுத்தம் அளக்கும் மீட்டர்) மாட்டி அளந்து, புத்தகத்தில் உள்ள அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும், இல்லையென்றால் லிஃப்ட் கவரே வெடிக்கும்.

கை தலையாட்டுகிற வண்டிக்கு ஒரு சோதனை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கண்ணெதிரே சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் பிஸ்டன் சீல், வால்வு, மாஸ்ஸியில் என்றால் பம்பில் இருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயின் சீல், இவற்றில் ஒன்று கசிகிறது. எஞ்சின் ஓடும்போது அது இறங்க இறங்கப் பம்ப் தூக்கிக்கொடுக்கிறது, அந்த உறுமல்தான் விட்டு விட்டுக் கேட்கிறது. இங்கே பம்பை மாற்றி ஒரு பயனும் இல்லை.

கடைசியாகத்தான் பம்ப்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை, ஆயில் சூடானதும் தூக்கும் வேகம் குறைகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் தூக்குகிறது என்றால் பம்பைக் கழற்றலாம். கியர் பம்பைக் கழற்றுவதற்கு முன் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஓட்டும் கியரோ கப்ளிங்கோ ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பம்பைப் பிரித்ததும் உள்சுவரைப் பாருங்கள். தள்ளும் அழுத்தம் கியர்களை எப்போதும் உறிஞ்சும் பக்கமாகவே ஒதுக்குவதால் அந்தப் பக்கச் சுவரில்தான் தேய்மானம் தெரியும். நகத்தால் இழுத்தால் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் சீல் கிட் போடுவது வீண், பம்ப் முடிந்துவிட்டது. பக்கத் தகடுகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் பட்டினியில் ஓடியிருக்கிறது. வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் அழுக்கு. நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ளாமல் புதுப் பம்பை மாட்டாதீர்கள்.

புதுப் பம்ப் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சுற்றும் திசை வலமா இடமா என்று பாருங்கள், மாற்றி மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும். "இது கொஞ்சம் பெரிசு, வேகமாத் தூக்கும்" என்று கடையில் சொன்னாலும் அதே அளவுதான் வாங்க வேண்டும். பம்ப் பெரிதானால் அதிக ஆயில் இழுக்கும், ஆனால் உறிஞ்சு பைப் பழைய அளவுதானே, அதனால் முதல் நாளே கத்த ஆரம்பிக்கும்.

மாட்டுவதற்கு முன் பம்பின் வாயில் ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றுங்கள், உறிஞ்சு பைப்பையும் நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கிலேயே கருவி எதுவும் மாட்டாமல் பல தடவை தூக்கி இறக்குங்கள். முதலில் கொஞ்சம் கரகரக்கும், காற்று வெளியேறியதும் அடங்கும். அடங்காவிட்டால் ஆக்சிலேட்டரைக் கூட்டி அடக்கப் பார்க்காதீர்கள், நிறுத்திவிட்டு உறிஞ்சு இணைப்பைத் திரும்பப் பாருங்கள். பிறகு ஆயில் அளவு பார்த்து நிரப்புங்கள், குறைந்திருக்கும்.

மாஸ்ஸியின் உள் பம்புக்கு லிஃப்ட் கவரைச் செயின் பிளாக்கில் தூக்கி எடுக்க வேண்டும், அது பட்டறை வேலை. திறக்கும் முன் பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாலே சில கோளாறுகள் தெரிந்துவிடும். பம்ப் வெளியே வந்தால் உள் வால்வு, வெளி வால்வு, ஸ்பிரிங், உட்காருமிடம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பிஸ்டனில் ஒன்றின் வால்வு மட்டும் ஒட்டிக்கொண்டாலும் தூக்கும்போது தாளம் தப்பி நொண்டி நொண்டி உறுமும். கட்டுப்பாட்டு வால்வு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கவர் திறந்திருக்கும்போதே சிலிண்டர் பிஸ்டன் சீல், குழாய் சீல், பிடிஓ ஷாஃப்ட் சீல் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்தச் சீல்களுக்காக இன்னொரு தடவை கவரைத் தூக்கினால் கூலி மட்டுமே சீல் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். மூடும்போது பேஸ்ட் எவ்வளவு பிதுக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த நடவோ உழவோ முடிந்ததும் சல்லடையை ஒரு தடவை திரும்பக் கழற்றிக் கழுவிவிடுங்கள், வேலை நடந்தபோது உள்ளே தங்கின தூசியும் துணுக்கும் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.